சரோஜாவின் மன்மதன்

மாசி முடிகிற வாரத்தில் வெண்ணம்பேட்டு ஜனங்கள் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி மதில் ஓரம் போய் நிற்பார்கள். ஷூ போட்டவர்கள், யூனிஃபார்ம் போட்டவர்கள், பல் தேய்த்துக்கொண்டே வந்தவர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். மதிலுக்கு மேல் முள்கம்பி. அதற்கும் மேலே, வளாகத்துக்குள் நிற்கும் ஒற்றை மாமரத்தின் தலை. எல்லோர் கண்ணும் அந்த மரத்தின் மேல்தான்.

இந்த வருஷம் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த காவலாளி இந்தக் கூட்டத்தைப் பார்த்து நடுங்கிப்போனார். ஏதோ போராட்டம் என்று நினைத்து விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"இன்னா கூட்டம் இங்க? யாரு பர்மிஷன் குடுத்தது?"

"குயிலுக்கு வெயிட் பண்றோம் சார்," என்றான் பாண்டுரங்கன்.

"யாரு அது? எந்த டிபார்ட்மென்ட்டு?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமரத்தின் உள்ளேயிருந்து அந்தக் குரல் எழுந்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை உச்சிக்குப் போய் உடைந்து நின்றது. சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில், முதுகில் மருந்து டேங்க்கோடு நின்றிருந்த சரோஜாவின் கண்களில் மட்டும் நீர் கட்டிக்கொண்டது.

இருபது வருஷமாக அவளும் இந்தக் குயிலுக்குக் காத்திருக்கிறாள். ஆனால் இந்த வருஷக் குயில் அவளுடைய குயில். இந்த வருஷம் அவள் புருஷன்தான் மன்மதன்.

மன்மதன் திடுதிப்பென்று வந்துவிடுகிற தெய்வம் இல்லை. அவனுக்கு முன்னால் அவன் தோழன் வசந்தன் வருவான். வசந்தனை யாரும் கண்ணால் கண்டதில்லை. அவன் நடந்த தடம்தான் தெரியும். மா பூக்கும். புங்கமரம் தளிர்விடும். தெற்கேயிருந்து காற்று திரும்பும். கடைசியில் குயில் கூவும். அதுதான் மன்மதன் தேருக்கு முன்னால் ஊதுகிற எக்காளம். காலண்டரில் என்ன தேதி போட்டிருந்தாலும் சரி, குயில் கூவாமல் வெண்ணம்பேட்டில் காமன் பண்டிகைக்குக் காப்புக் கட்ட மாட்டார்கள். ஊர் மாமரம் கம்பெனி வளாகத்துக்குள் போய்விட்டதால் மதில் ஓரம் நின்று கேட்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி ஷிஃப்ட் மாற்றி, ஓ.டி. விட்டுக்கொடுத்து, ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டு, பண்டிகை ஒரு வருஷம்கூட நின்றதில்லை.

சரோஜாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்தது குன்றத்தூர் மலையடிவாரம். இருபத்தோரு வயதில் முனிரத்தினத்தைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். கல்யாணமான முதல் மாசமே அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. இந்த மனிதருக்கு வாய் என்ற ஒன்று சாப்பிட மட்டும்தான். புதுப் புடவை கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றால், "கரண்ட் பில்லு வந்துச்சா?" என்று கேட்பார். பிரசவ வலியில் அவள் துடித்தபோது வெளியே வராந்தாவில் நின்று அழுதாராம். ஆனால் உள்ளே வந்து பேசியது, "ஃபேன் போடட்டா?" என்ற ஒரே கேள்வி. மகள் கவிப்பிரியா இப்போது தண்டலத்தில் காலேஜ் படிக்கிறாள். அவளும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சரோஜாவின் வேலை ஒரகடம் தொழிற்பேட்டைச் சாலைகளில். சாலை நடுவே வைத்திருக்கும் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, மதில் ஓரம் முளைக்கிற களைகளுக்கு மருந்து அடிப்பது. பதினாறு லிட்டர் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு, இடது கையால் பம்ப் அடித்து, வலது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் நடப்பாள். அவளுக்குக் கூட்டாளி லிடியா. தினமும் வேலைக்கு முன்னால் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் டேங்க்கைத் தொடுவாள். வாய் திறந்தால் மூடமாட்டாள்.

முனிரத்தினத்தின் வேலை ஒரு கியர் கம்பெனியில், நெருப்போடு. கியர் சக்கரங்களைச் சூளையில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுக்கும் பிரிவு. பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூடச் சொல்லாமல் லீவு போட்டதில்லை.

அப்படிப்பட்டவர் பெயர் சீட்டில் விழுந்தது. வருஷா வருஷம் மன்மத வேஷத்துக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். நாற்பத்தாறு வயதும் முன்னால் தள்ளிய வயிறுமாக முனிரத்தினம் மேடையேறப் போகிறார் என்றதும் தெருக்குழாயடியில் ஒரே கும்மாளம்.

"சரோஜாக்கா, உன் மன்மதன் கரும்பு வில்ல எங்க வச்சிக்குவாரு? தொப்பை மேலயே சாச்சிக்கலாம் போலகீதே!"

"சாச்சிக்கட்டும் வுடுடி. உங்க வூட்டுக்காரருக்கு அதுகூட கெடயாது, ஒட்டடக் குச்சி!"

ரதி வேஷம் வழக்கம்போலப் பாண்டுரங்கனுக்கு. முனிரத்தினம் வேலை செய்யும் கம்பெனியில்தான் அவனும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பண்டிகை அன்று காலையில் மீசையை எடுத்துவிட்டு வேலைக்குப் போவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் சரோஜா, "வாடி என் சக்களத்தி" என்பாள். "அக்கா, ஒரு நாள்தானே. பொறுத்துக்க. அப்பால உனக்கே ரிட்டன் குடுத்துடுறேன்" என்பான் அவன்.

குயில் கூவிய மூன்றாம் நாள் திடலில் காமனை நட்டார்கள். வேரோடு பிடுங்கி வந்த ஓர் ஆமணக்குச் செடிதான் காமன். பக்கத்தில் ஒரு கரும்பு, சுற்றிலும் வைக்கோல் பிரி. பௌர்ணமி வரைக்கும் பன்னிரண்டு நாள். மன்மத வேஷக்காரர் கையில் மஞ்சள் காப்பு, அசைவம் தொடக்கூடாது. அவர் மனைவி தினமும் காலையில் செடிக்குத் தண்ணீர் விடவேண்டும். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும்போது அந்தச் செடி பச்சையாக நின்று எரிய வேண்டும். அதற்கு முன்னால் அது வாடிவிட்டால், அந்த நெருப்பு வேறு உயிரைத் தேடும். வேஷம் கட்டினவன் உயிரை. இதுதான் வெண்ணம்பேட்டின் பயம்.

சூளையில் வேலை செய்கிறவன் மனைவிக்கு இந்தப் பயம் எப்படி இருக்கும்?

சரோஜா அந்தச் செடியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வெயில் காலையிலேயே சுள்ளென்று இருந்தது. இலைகள் லேசாகத் துவண்டிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. வேரில் மட்டும் ஊற்றினால் போதாது, இலையும் குளிரட்டும் என்று நினைத்தாள். வேலைக்கு எடுத்துப்போகும் டேங்க் முதுகில்தான் இருந்தது. சனிக்கிழமை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்த டேங்க். திங்கட்கிழமை பூராவும் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டதில் அதை அவள் தொடவே இல்லை. அதைக் குழாயடியில் நிரப்பிக்கொண்டு வந்து, பூமாதிரி மெல்லிய தூறலாக, ஓர் இலை விடாமல் அடித்தாள். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. "குளுகுளுன்னு இரு ராஜா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

புதன்கிழமை காலை இலைகளின் ஓரம் பழுப்பாகியிருந்தது. வெயில் என்று நினைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தாள். இலைகள் தீயில் வாட்டியதுபோல் சுருண்டு தொங்கின.

இந்தச் சுருட்டல் அவளுக்குப் புதிதா? ஆறு வருஷமாக மதில் ஓரங்களில் அவள் கையால் தினமும் பார்க்கிற சுருட்டல்தானே! லிடியாவுக்குப் போன் போட்டாள்.

"லிடியா... திங்கக்கெழம என் டேங்க்க தொட்டியா?"

"ஆமாக்கா. என்து வால்வு லீக் ஆச்சு, உன்துல கலக்கிதான் அடிச்சேன். அடியில கொஞ்சம் மருந்து மிச்சம் கெடந்துச்சு, காலைல சொல்லலாம்னு இருந்து மறந்துட்டேன். நீ டேங்க்க தூக்கிகினு வூட்டுக்குப் போய்ட்டியே. ஏங்க்கா, இன்னா ஆச்சு? கையில கிய்யில பட்டுச்சா?"

"ஒன்னும் இல்லடி" என்று போனை வைத்தாள்.

களை மருந்து. தன் கையாலேயே, ராஜா ராஜா என்று கொஞ்சிக்கொண்டே, தன் தாலிக்குத் தானே களை மருந்து அடித்துவிட்டாள் சரோஜா!

வீட்டுக்கு வந்தாள். முனிரத்தினம் ஷிஃப்ட் முடிந்து ஏற்கெனவே வந்திருந்தார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் முகம் ஏனோ பேயறைந்த மாதிரி இருந்தது. சொன்னால் தாங்குவாரா? வாயை மூடிக்கொண்டாள். வைத்த சோறு அப்படியே இருந்தது. அவரும் தொடவில்லை, அவளும் தொடவில்லை. "ரெண்டு பேரும் டயட்டா?" என்று கேட்டுக்கொண்டே கவிப்பிரியா தட்டுகளை எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை. பௌர்ணமி. அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். வாசலில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றாள்.

"யோவ். இன்னிக்கு ஒரு நாள் போவாதய்யா."

"லீவு குடுக்கலயே."

"வேலயே போனாலும் பரவால்ல. உன் கால்ல விழுறேன். நெருப்பாண்ட போவாத."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, "ரெண்டரைக்கு வந்துடுவேன்" என்றார். வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் தெருமுனை திரும்பிவிட்டார்.

தேவர்கள் எல்லோரும் ஏவிவிட, மன்மதன் சிவன் தவத்தைக் கலைக்கக் கிளம்பினானே, அன்றைக்கு ரதி எப்படி நின்றிருப்பாள் என்று அந்த நிமிஷம் சரோஜாவுக்குத் தெரிந்தது. இருபது வருஷம் கூத்துப் பார்த்தும் தெரியாதது, வெறும் வாசலில் நின்று தெரிந்தது.

மணி பதினொன்று இருக்கும். சாலை நடுவே அரளிச் செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். முதலில் பார்த்தது லிடியாதான்.

"அக்கா, அங்க பாரேன். இன்னா பொக அது?"

வடக்கே, கம்பெனிக் கூரைகளுக்கு மேல், கன்னங்கரேலென்று ஒரு தூண் எழும்பியிருந்தது. அதே நேரம் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. இரண்டாவது வண்டி. மூன்றாவது. எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துக் கத்தினார். "கியர் கம்பெனில எண்ணத் தொட்டி பத்திக்கிச்சாம்! உள்ள ஆளுங்க கீறாங்களாம்!"

கத்தரிக்கோல் சாலையில் விழுந்து உருண்டது.

முனிரத்தினம் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதிலொன்றும் அதிசயம் இல்லை. அந்தக் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருந்தாலும் அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். சூப்பர்வைசர் டெனிசன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏறு சரோஜாம்மா. ஒன்னும் ஆவாது. கெட்டியா புடிச்சிக்க."

பின்னால் லிடியாவின் குரல் துரத்தியது. "ஏசப்பா... ஏசப்பா... அக்கா வூட்டுக்காரர காப்பாத்துப்பா..."

கம்பெனி வாசலில் நூறு பேர் நின்றார்கள். உள்ளே மைதானத்தில் தொழிலாளர்களை வரிசை வரிசையாக உட்கார வைத்து, நீலச் சட்டை போட்ட ஒரு பெண் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை உயர்ந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரோஜா கேட்டாள். ஒவ்வொரு கைக்கும் பின்னால் ஒரு வீடு மூச்சு விட்டது.

"முனிரத்தினம்."

எந்தக் கையும் உயரவில்லை.

"முனிரத்தினம், ஹீட் ட்ரீட்மென்ட். இருக்காரா?"

வரிசைகள் திரும்பிப் பார்த்தன. யாரும் இல்லை. அந்தப் பெண் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். பட்டியல் முடிந்தது. வட்டம் போட்ட பெயர் ஒன்றே ஒன்றுதான்.

சரோஜா அப்படியே தார்ச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். கொதிக்கிற தார். அது அவளுக்குத் தெரியவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்... நான்தான் எரிச்சிட்டேன்... எங்கையாலயே எரிச்சிட்டேன்..." என்று மார்பில் அடித்துக்கொண்டாள். நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்தது. சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. டெனிசன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொடுப்பதா, தெளிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

அப்போதுதான் வரிசையிலிருந்து எழுந்து வேலிக்கு ஓடி வந்தான் பாண்டுரங்கன். மழித்த மேலுதடு பச்சையாக இருந்தது.

"அக்கா! எழுந்திரு! அண்ணன் உள்ள இல்லக்கா!"

"பொய் சொல்லாதடா..."

"சாமி சத்தியமா! காலைலேர்ந்து நான் அவர பாக்கவே இல்ல. லோடு எறக்க நாலு தபா சூளயாண்ட போனேன். அவரு எடத்துல வேற ஆளு நின்னுகினு இருந்தான். இப்பதான் பஞ்ச் மிஷின்ல பாக்கச் சொன்னேன். இன்னிக்கு அவரு பஞ்சே பண்ணல. இந்தம்மா பழைய லிஸ்ட்ட வச்சிகினு கூப்புடுது."

"அப்ப எங்கடா போனாரு? அஞ்சு மணிக்கே கெளம்பினாரே..."

பதினான்கு வருஷமாக ஷிஃப்ட் தவறாத மனிதர், டீகூடக் குடிக்காமல் கிளம்பியவர், எங்கே போனார்? நெருப்பில் இல்லை என்றதும் திரும்பி வந்த அவள் உயிர், ஏரியிலா, தண்டவாளத்திலா என்று மறுபடியும் துடிக்கத் தொடங்கியது.

கையிலிருந்த போன் அடித்தது. கவிப்பிரியா. பண்டிகைக்காக அன்று காலேஜ் போகாமல் வீட்டில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ம்மா, அப்பாவுக்கு இன்னா ஆச்சு? சட்டையெல்லாம் சேறு. பெரிய ஆமணக்குச் செடி ஒன்ன வேரோட தூக்கிகினு பின்பக்கமா வந்தாரு. கடப்பாரைய எடுத்துகினு திடலுக்குப் போறாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு. ம்மா? ம்மா, நீ அழுறியா சிரிக்கிறியா?"

அது அவளுக்கே தெரியவில்லை.

டெனிசனின் பைக் திடலில் போய் நின்றபோது முனிரத்தினம் குழி தோண்டிக்கொண்டிருந்தார். சரோஜா ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தைத் தடவிப் பார்த்தாள். காதைப் பிடித்துப் பின்கழுத்தைப் பார்த்தாள்.

"எங்கனா பட்டுச்சா? சுட்டுச்சா? சொல்லுய்யா!"

"இன்னா மே... எனக்கு இன்னா?" அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு டெனிசன்தான் சொன்னார், தொட்டி பற்றியதை, பட்டியல் படித்ததை, அவர் பெயருக்கு வட்டம் போட்டதை. முனிரத்தினம் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முதலில் கேட்டது, "எம் எடத்துல யார் நின்னாங்க?" என்பதைத்தான். பட்டியல் படிக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இரண்டு பேருக்குக் கையில் மட்டும் காயம், ஆபத்தில்லை, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று டெனிசன் போன் போட்டு விசாரித்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

"வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கய்யா போன?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த இருபத்தோரு வருஷத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"நேத்து கேன்டீன்ல சிக்கன் போட்டாங்க சரோ. பன்னண்டு நாளா வாசன புடிச்சிகினு உக்காந்திருந்தேன். கண்ணு காப்ப பாத்துச்சு, வாயி கேக்கல. துன்னுட்டேன். சாயந்தரம் வந்து பாத்தா செடி கருகிப் போயிருக்கு. சாமி அப்பவே காட்டிடுச்சுன்னு நெனச்சேன். உங்கிட்ட எப்படி சொல்றது? தாலிய பாத்துகினு எப்படி சொல்றது? அதான் வேற செடி தேடிப் போனேன். போன ஆப் பண்ணிட்டேன். இந்தப் பக்கம் ஒரு ஆமணக்கு கெடயாது. சுங்குவார்சத்திரம் வரைக்கும் நடந்து, அங்க ஒரு லாட்ஜு பின்னால சாக்கடையாண்ட கெடச்சிது."

"எப்படிய்யா கெடைக்கும்? ஆறு வருஷமா நான்தானே எல்லாத்தையும் மருந்து அடிச்சிக் காலி பண்ணேன்!"

சொல்லிவிட்டு அவள் உடைந்தாள். டேங்க்கை, லிடியாவை, இலை விடாமல் அடித்த தூறலை, எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னாள். முனிரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப... சிக்கன் காரணம் இல்ல?"

பின்னாலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு. கம்பெனியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்ததால் பாண்டுரங்கனும் வந்து சேர்ந்திருந்தான்.

"அண்ண, எத்தினி பீசு?"

"லெக் பீசு... ரெண்டு."

சரோஜா கையில் கிடைத்த வைக்கோல் பிரியால் அவர் முதுகில் நாலு போடு போட்டாள். போட்டுவிட்டு அதே முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நட்டநடுப் பகலில், ஊர் பார்க்க. அவள் கலக்காத மருந்தும் அவர் தின்ற கோழியும் சேர்ந்து அல்லவா அவரை அந்த நெருப்பிலிருந்து இழுத்து வெளியே போட்டிருக்கின்றன!

கருகிய செடியைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. புதியதை அதன் பக்கத்திலேயே நட்டார்கள். சரோஜா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். குடத்தை மூன்று தடவை கழுவி, முகர்ந்து பார்த்த பிறகு.

நிலா ஏறும் வேளையில் கூத்துத் தொடங்கியது. வழக்கமாக மன்மத வேஷக்காரன் மனைவி அந்த இடத்தில் இருக்க மாட்டாள். எரிவதைப் பார்க்கக் கூடாது என்று வீட்டுக்குள் போய்விடுவாள். சரோஜா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு நான் பாக்காததா?" என்றாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். லிடியா வேறு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "கெடக்கட்டும் அக்கா, இன்னொரு தபா அந்த டேங்க்க நான் தொடமாட்டேன்" என்று பத்தாவது முறையாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

முகத்தில் அரிதாரமும் கையில் கரும்பு வில்லுமாக முனிரத்தினம் மேடைக்கு வந்தார். தொப்பை உண்மையிலேயே வில்லுக்கு வசதியாகத்தான் இருந்தது. செந்நிறப் புடவையில் ரதியாகப் பாண்டுரங்கன் அவர் காலைப் பிடித்தான். மூன்று முறை தடுக்க வேண்டும். மூன்று முறையும் மன்மதன் மறுத்து, இந்திரன் கட்டளை, போயே தீருவேன் என்று சொல்ல வேண்டும்.

"போகாதே சுவாமி, சிவன் கண்ணில் நெருப்பு இருக்கிறது," என்று ரதி முதல் முறை கதறினாள். மன்மதன் பதில் சொன்னார். இரண்டாம் முறை கதறினாள். சொன்னார். மூன்றாம் முறை, "நான் விதவையாகி நிற்கவோ?" என்று ரதி விழுந்து அழுதபோது முனிரத்தினம் பேசவில்லை. கூட்டத்தில் சரோஜாவைத் தேடினார். கண்டுகொண்டார். விடியற்காலை வாசலில் அவள் நின்ற கோலம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வில்லைக் கீழே வைத்தார்.

"சரி. போவல" என்றார்.

ஊர் திகைத்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. கூத்தை நடத்துகிற கட்டியங்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

"யோவ் மன்மதா! நீ போகலன்னா அப்பால கதை எப்படிய்யா நடக்கும்? முருகன் எப்படிப் பொறப்பாரு? நாங்க எப்ப வூட்டுக்குப் போறது?"

முனிரத்தினம் அசையவில்லை. அரிதாரத்தின் மேல் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்தோரு வருஷம் கரண்ட் பில்லையும் ஃபேனையும் தவிர வேறெதுவும் பேசத் தெரியாத மனிதர், முந்நூறு பேருக்கு முன்னால், அந்த ஒரு சொல்லில் அத்தனையையும் சொல்லிவிட்டார்.

சரோஜா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போய்யா," என்றாள் உரக்க. "தெகிரியமா போய்ட்டு வா. எங்கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்."

மன்மதனை எரித்த சிவன், ரதியின் அழுகைக்கு மனமிரங்கிக் கொடுத்த வரம் அதுதான். ஊர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உன் கண்ணுக்குத் தெரிவான். கூத்தின் கடைசியில் வர வேண்டிய வரத்தை சரோஜா முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டு செடிகளும் ஒன்றாக எரிந்தன. ஒன்று பச்சை, ஒன்று சருகு. வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்து முனிரத்தினம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளிச்சத்தில் ஏமாந்துபோன குயில் ஒன்று மதிலுக்கு அப்பால் மாமரத்தில் ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மெமோ வந்தது. முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு. காயம்பட்ட இருவரும் அதற்குள் கட்டுப் பிரித்து வேலைக்கு வந்துவிட்டார்கள். முனிரத்தினம் முதன்முதலாக வாங்கிய மெமோ அது. இரண்டு நாள் தயங்கி, கூனிக்குறுகி, மனைவியிடம் நீட்டினார்.

சரோஜா எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தாள். பிறகு சாமி மாடத்துக்கு எடுத்துப்போனாள். குன்றத்தூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில், காமன் சாம்பல் மடித்து வைத்திருந்த பொட்டலத்தோடு அதைச் சார்த்தி வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"இன்னா மே இது? அதுக்கு நான் பதில் எழுதிக் குடுக்கணும்," என்றார் முனிரத்தினம்.

"ஜெராக்ஸ் எடுத்துகினு எழுது," என்றாள் சரோஜா. "இது இங்கயே இருக்கட்டும்."